போர்ட் நுவனின் பையில்தான் போகும்

2008 ஒக்டோபர் 5, ஞாயிறு

காலையிலேயே சுள்ளென்ற வெயில். அப்படியென்றால் பின்னேரம் இடி, மழை, கரண்ட் கட். அதற்குள் முடிக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் கிளாஸ் மாடியில் மூன்று பேர்தான். நான், சந்திரகுமார், நுவன். ஞாயிற்றுக்கிழமை கிளாஸ் நடத்தும் சேர் சாவியை என்னிடம் விட்டுவிடுவார். கிழமை முழுக்கப் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்துத் தொண்டை வற்றும் எனக்கு அவர் செய்யும் ஒரே நல்ல காரியம்.

இந்த வேலை என்னவென்று அம்மாவுக்கு இன்னும் விளங்கவைக்க முடியவில்லை. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து சும்மா எழுதும் ஒரு சின்ன ரியல்-டைம் கேர்னல். மெஷினின் அடிமட்டத்தில் இருந்துகொண்டு எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பது. பம்ப், மோட்டார், ஆஸ்பத்திரிக் கருவி, இவற்றுக்குள் போவது. வேலை சரியாக நடந்தால் போதாது, சொன்ன நேரத்துக்குள் நடக்க வேண்டும். பிந்தினால் அதுவும் பிழை. போன வருடம் அதில் இரண்டு பிழை பிடித்து அனுப்பினேன். அதற்குத் தண்டனையாக, புதிதாக வருகிறவர்களை என் தலையில் கட்டிவிட்டார்கள். சோதித்துப் பார்க்க ஒரு போர்டும் தபாலில் வந்தது. ஒன்றே ஒன்று. உள்ளங்கை அகலம், நாலைந்து வயர், பட்டரி, பச்சை லைட், சிவப்பு லைட்.

“சம்பளம் இல்லாத வேலைக்கு என்னாடி இம்புட்டு அவசரம்?” – அம்மா, காலையில்.

என் புதியவர்கள்:

சந்திரகுமார். பலாபத்வலவுக்கு மேலே தேயிலைத் தோட்டம், தொழிலாளர் லயத்துப் பிள்ளை. ஏ.எல். பாஸ். கம்பஸுக்குப் புள்ளி போதவில்லை. தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி மூட்டை நிறுக்கிறான்.

நுவன். அலுவிகாரை. அப்பாவுக்கு வெள்ளைக்காரர் வந்து பார்க்கும் வாசனைத் திரவியத் தோட்டம். வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டர். கெட்டிக்காரன், சோம்பேறி. பேசுவது சிங்களம். நான் அவனுக்கு அக்கே, அவன் எனக்கு மல்லி, அதாவது தம்பி. இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

இன்று சொல்லிக்கொடுத்தது:
– ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. (நு. மூன்றை மாற்றிவிட்டு, பிழை போய்விட்டது என்று குதித்தான். எதனால் போனது? தெரியாது.)
– என்ன செய்தாய், என்ன நடக்கும் என்று நினைத்தாய், என்ன நடந்தது. இந்த மூன்றும் இல்லாமல் அனுப்பாதே.
– நடந்ததை நடந்தபடி. கூட்டாதே, குறைக்காதே.

ச. எழுதி வந்த அறிக்கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். மதிப்புக்குரிய ஐயா, தங்கள் பொன்னான நேரத்தைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும், மிகவும் பணிவுடன்... எல்லாம் ஆங்கிலத்தில். பிழையைப் பற்றி அடியில் ஒரு வரி. லயத்து வீடு ஒழுகுகிறது என்று துரைக்குப் போடும் விண்ணப்பம் அப்படியே. வெட்டி எறிந்தேன்.

“மொட்டையா எழுதுனா கோவிச்சுக்க மாட்டாங்களா மிஸ்?”

“யாரு?”

“அந்த வெள்ளக்காரங்கதான்.”

“இந்தக் கேர்னல எழுதுன கெழவரு ஒங்க தோட்டத்து தொர இல்ல. அவரு எழுதுனதுல ஓட்ட இருக்கு, நீ கண்டுபுடிச்சிருக்க. யாரு யாருகிட்ட மன்னிப்புக் கேக்கணும்?”

நுவனுக்கு விளங்கியதோ என்னவோ, சிரித்தான். “அக்கே, இவன் கம்ப்யூட்டரைத் தொடும் முன்னும் கும்பிடுகிறான்.”

“நீ தொட்டா அது ஒடையுது, அதான் நான் கும்புடுறேன்” என்றான் ச. தமிழிலேயே.

போர்ட் இந்தக் கிழமை ச. வீட்டுக்கு. ஆனால் வழக்கம்போல நு. பையில்தான் போனது. தன் ஊரில் இறங்காமல் பலாபத்வல வரை கூடவே போய்க் கொடுத்துவிட்டுத் திரும்புவான். மறு ஞாயிறு அவனே போய் எடுத்து வருவான். வழியில் இரண்டு இடத்தில் பொலிஸ் செக்கிங். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று நாங்கள் பேசி முடிவெடுக்கவில்லை. முதல் நாளே போர்ட் தானாக அந்தப் பைக்குள் போய்விட்டது.

ஒக்டோபர் 8, புதன்

மழை. கிளாஸில் சுவர் ஒழுகல். சேர் வாளி வைத்துவிட்டுப் போனார்.

கொழும்புக் கம்பனியில் இருந்து பதில்! லிஃப்டுக்குள் வைக்கும் கருவி செய்கிறவர்கள். எங்கள் கேர்னலைத்தான் பாவிக்கிறார்கள். ச.வைப் பற்றி நான் எழுதியிருந்தேன். பட்டம் தேவையில்லையாம். அவன் கண்டுபிடித்த ஒரு பிழை, கேர்னல் குழு ஏற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும். இந்த மாதக் கடைசியில் புதிய பதிப்பு வருகிறது. அதற்குள் ஒன்று காட்டினால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். (போன ஞாயிறு அறிக்கை சேராது, அந்தப் பிழையை வேறொருவர் முன்பே சொல்லிவிட்டார்.)

ச.வுக்குப் போன் போட்டேன். பின்னால் லொறி உறுமல், யாரோ கரட் விலை கத்துகிறான்.

“டிகிரி வேணாமாமா? நல்லா வாசிச்சீங்களா மிஸ்?”

“ரெண்டு தரம் வாசிச்சேன்.”

“அப்ப இந்த மூட்ட...” என்று தொடங்கினான். நிறுத்திவிட்டான். யாரோ அவனை “அடேய் தராசு” என்று கூப்பிட்டார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய நாள். எனக்கு வரவில்லை. கொழும்பில் தோட்டத்து விலாசம் உள்ள அடையாள அட்டைக்கு எவன் அறை கொடுப்பான்? கொடுத்தாலும் பொலிசில் பதிய வேண்டும். பதிந்தாலும் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அதை அவனிடம் சொல்லவில்லை. அவனுக்கும் தெரியும்.

செருப்பு அறுந்தது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அம்மா கோபம்.

ச. வந்ததும் வராததுமாக: “மிஸ், செவப்பு எரிஞ்சிருச்சு.”

வயர் கழன்றிருக்கும் என்றேன். நு. இன்னும் மோசம், “நீ உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருப்பாய்” என்றான். ச. போர்டை மேசையில் வைத்து மறுபடி ஓட்டினான்.

சோதனை எளிது. ஒரு டாஸ்க் (கேர்னல் ஓட்டும் ஒரு வேலை) செய்தி கொடுக்கும், இன்னொன்று வாங்கும். வாங்குவது கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும், டைமர் முடிந்தால் கிளம்பிவிடும். கொடுத்ததும் வாங்கியதும் ஒத்துப்போகும்வரை பச்சை. ஒன்று குறைந்தாலும் சிவப்பு எரிந்து அப்படியே நிற்கும். ச. சொல்வது: டைமர் முடிகிற அதே கணத்தில் கொடுத்தால், கொடுத்தது யாருக்கும் சேராமல் தொலைகிறது. கம்ப்யூட்டருக்குள் போலியாக ஓட்டினால் வராது. போர்டில் மட்டும்.

காத்திருந்தோம். மாலு பாண் தின்றோம். நு. கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தான். இடி தொடங்கியது. இன்றைக்குக் கரண்ட் போனாலும் பரவாயில்லை, போர்ட் பட்டரியில்தானே என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது சிவப்பு.

நு. “அம்மோ!” என்று கதிரையிலிருந்து எழும்பிவிட்டான். ச. கையைத் துடைத்துக்கொண்டே லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், மூட்டை எடை ஒத்துவந்ததைப் பார்க்கிற மாதிரி. நான்தான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை.

அறிக்கை அனுப்பியாயிற்று. மன்னிப்பு இல்லாமல், பணிவு இல்லாமல். நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை.

இனி குழுவின் விதி: இன்னொருவர், தன் இடத்தில், தானே ஓட்டிப் பார்த்து, ‘நானும் பார்த்தேன்’ என்று எழுத வேண்டும். கண்டுபிடித்தவன் வார்த்தை மட்டும் போதாது. சொல்லிக்கொடுக்கும் நான் எழுதினால் செல்லாது, இரண்டாவது ஆள் நு.தான். வேறு யார் கைக்கு இந்த போர்ட் போகிறது?

போகும்போது நு. போன கிழமை செக்கிங்கில் நடந்ததை நடித்துக் காட்டினான். “இது என்ன என்று கேட்டான். ரேடியோ செய்கிறேன் சேர், இன்னும் பாடவில்லை என்றேன். பாடினால் கொண்டு வா, நாங்களும் கேட்கிறோம் என்றான்!”

நாங்கள் மூவரும் சிரித்தோம். ச. கொஞ்சம் பிந்திச் சிரித்தான்.

ஒக்டோபர் 16, வியாழன்

எங்கேயோ குண்டு. காலையிலிருந்து செய்தி. A9 ரோட்டுப் பஸ்களில் எல்லோரையும் இறக்கி, வரிசையில் நிறுத்தி, பை திறந்து. என் டிபன் டப்பாவைக்கூடத் திறந்து சோற்றைக் கிளறிப் பார்த்தாள் ஒருத்தி. முன்னால் நின்ற பெண்ணைத் தொடவில்லை. அவளுடைய பெயர் வேறு மாதிரி.

நு.வுக்குப் போன். “பார்த்தேன் அக்கே. என் அறையில், இரண்டு தரம் சிவப்பு!”

“எழுதினாயா?”

“நாளைக்கு.”

“மல்லி, அவனுக்கு இது நாளைக்கு விஷயம் இல்லை.”

“சரி சரி. மேட்ச் முடியட்டும்.”

இந்த அலட்சியத்துக்கும் பிறவி வேண்டும். நாளை என்று ஒன்று கட்டாயம் இருக்கிறவர்களுக்குத்தான் அது வரும்.

தைக்கக் கொடுத்த செருப்பை எடுக்கவில்லை. கடை பூட்டு.

ஒக்டோபர் 19, ஞாயிறு

ச.வைப் பிடித்துவிட்டார்கள்.

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

நேற்று நு.வின் அப்பா அவன் அறையில் போர்டைப் பார்த்திருக்கிறார். வயர், பட்டரி, நாட்டு நிலைமை. இதை இந்த நிமிஷமே வீட்டை விட்டு எடு என்றாராம். நு.வை வெளியே விடவில்லை. நு. எனக்குச் சொல்லவில்லை. ச.வுக்குப் போன் போட்டு, வந்து எடுத்துக்கொள் என்றிருக்கிறான். ச. இன்று காலை கிளாஸுக்கு வரும் வழியில் அலுவிகாரையில் இறங்கினான். அப்பா கேட்டில் நின்றபடியே சிலிசிலி பொலித்தீன் பையில் போட்டுக் கையில் கொடுத்திருக்கிறார். பளிச்சென்று உள்ளே தெரிகிற பை.

பஸ்ஸில் ஏறியதும் எனக்குப் போன் போட்டு இதைச் சொன்னான். “மிஸ், சாமான் கையில இருக்கு. நுவன் வர மாட்டான் போல. நான் பஸ் ஏறிட்டேன்.”

இறங்கு என்று சொல்லியிருக்கலாம். “சீக்கிரம் வா, மழைக்கு முந்தி ஆரம்பிக்கணும்” என்றேன்.

அதே பஸ்ஸில் அவர்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா அக்கா. வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். நேராக என்னிடம் வந்தாள், மூச்சு வாங்க.

“எல்லாரயும் எறக்குனாங்க மிஸ். பையப் பாத்துட்டு இது என்னான்னு கேட்டாங்க. புள்ள நல்லாத்தான் சொல்லுச்சு. சிங்களத்துலதான். டைமர் ஒன்னு டெஸ்ட் பண்ணுறோம் சேர், செவப்பு லைட்டு வந்தாத்தான் பிழ இருக்குன்னு அர்த்தம், இப்பதான் எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போறேன்னு. யாரு அனுப்புனதுன்னு கேட்டாங்க. வெளிநாட்டுலருந்து வந்துச்சுன்னுச்சு. அம்புட்டுதான். பொறவு பஸ்ஸ போகச் சொல்லிட்டாங்க.”

என்ன செய்கிறான், எதை எதிர்பார்க்கிறான், எங்கிருந்து வந்தது. ஒரு சொல் கூடுதல் இல்லை. ஒரு சொல் குறைவு இல்லை.

அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றில்லை. சந்தையில் வேலை செய்கிறவன். ஆனால் போர்டைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது என்று அவன் தலைக்குள் ஏற்றியது யார்.

ஒக்டோபர் 20, திங்கள்

லீவு போட்டேன். ச.வின் அம்மாவோடு பொலிஸ். கொழுந்து பறித்துக் காய்த்த கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

“என்னா சாமான் வச்சிருந்துச்சுன்னு கேப்பாங்களே. நான் என்னத்த சொல்ல மிஸ்?”

“நான் சொல்றேன்மா.”

சொன்னேன். கேர்னல் என்றால் என்ன, போர்ட் எதற்கு, லைட் எதற்கு. அங்கிருந்த அதிகாரி இளவயது, மரியாதையாகத்தான் பேசினார். கடைசிவரை கேட்டார். பிறகு என் அடையாள அட்டையை வாங்கி எழுதிக்கொண்டார்.

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும், தங்கச்சி?”

“படித்தேன்.”

“எங்கே? யார் சொல்லிக்கொடுத்தது?”

நான் சாட்சி சொல்லப் போனேன். வரும்போது நானும் விசாரிக்க வேண்டிய ஆள். ஊரை விட்டுப் போனால் அறிவிக்க வேண்டுமாம். வாசலில் ஒரு கான்ஸ்டபிள் மெதுவாகச் சொன்னார்: “நீ சொல்லிப் பிரயோசனம் இல்லை. அந்தச் சிங்களப் பையன் வந்து, இது நாங்கள் சேர்ந்து படிக்கிற சாமான் என்று சொல்லட்டும். இன்றைக்கே விடக்கூடும்.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உதவியாகத்தான் சொன்னார். அதுதான் இந்த நாடு.

கிளாஸுக்குப் போனால் சேர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், சாவிக்கு.

“என் கிளாஸ் பேர இழுத்துறாதீங்க ரீட்டா. நாலு புள்ளைங்க படிக்கிற எடம்.”

“அவனும் இங்கதான் சேர் படிச்சான்.”

“ரெஜிஸ்டர்ல பேர் இல்லயே.”

நம் ஆள். நெற்றியில் திருநீறு.

ஒக்டோபர் 22, புதன்

அலுவிகாரை போனேன். நு.வின் அப்பா கேட்டைத் திறக்கவில்லை. கத்தவுமில்லை. “மகளே, எனக்கு ஒரே பிள்ளை” என்றார். அவ்வளவுதான். ச.வின் அம்மாவுக்கும் ஒரே பிள்ளைதான் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

பஸ் நிறுத்தத்துக்கு நு. பின்னால் ஓடி வந்தான். செருப்பில்லாமல்.

“அக்கே, நான் எழுதிவிட்டேன். நேற்று. எல்லாம் எழுதினேன்.”

“எங்கே எழுதினாய்?”

“குழுவுக்கு. நானும் பார்த்தேன் என்று.”

“பொலிசுக்கு?”

வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“ஒரு வசனம் மல்லி. ‘நாங்கள் சேர்ந்து படிக்கிற சாமான்.’ அதைச் சொன்னால் போதும்.”

“என்னையும் பிடித்தால்?”

“உன்னைப் பிடிக்க மாட்டார்கள்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உனக்குத் தெரியாதா?”

அழுதான். பெரிய ஆம்பிளை. குருநாகலில் மாமா வீட்டுக்கு நாளைக் காலை அனுப்புகிறார்களாம். பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அறையலாம் போல இருந்தது, அறையவில்லை. அவன் வயதில் அவன் பெயரோடு நான் பிறந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுப் பார்த்தேன். பதில் பிடிக்கவில்லை.

டவுனில் நெட் கபேயில் அவன் எழுதியதை வாசித்தேன். நல்ல அறிக்கை. அவன் எழுதியதில் ஆகச் சிறந்தது. என் அறையில், என் கண்ணால், இரண்டு தரம், சந்திரகுமார் சொன்னபடியே. இவ்வளவு தெளிவாக, ஒளிக்காமல்.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் எம்.பி.யிடம் பேசுவாராம். “தீபாவளி முடியட்டும்.”

ஒக்டோபர் 24, வெள்ளி

பகல் முழுக்க மழை. லயத்துப் பாதை சேறு. சாயங்காலம் ச.வின் அம்மா நனைந்தபடி வீட்டுக்கு வந்தார். கதவுக்கு வெளியே நின்று முந்தானையைப் பிழிந்தார். என் அம்மா துவாய் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்த்துக் கதவைச் சாத்தினாள்.

“கொண்டு போயிட்டாங்களாம் மிஸ். சாப்பாடு குடுக்கப் போனேன். இங்க இல்லங்கிறாங்க.”

“எங்கயாம்?”

“கொழும்புக்கு.”

போன் இரைந்தது. பார்க்காமல் வைத்தேன்.

“கொழும்புல எந்த எடம்னு சொன்னாங்களாம்மா?”

“கொழும்புன்னாங்க. கொழும்பு சின்ன ஊரா, போயித் தேட?” பிறகு, கொஞ்சம் பொறுத்து: “அந்த லைட்டு... நெசமாவே ஒன்னும் செய்யாதுல்ல மிஸ்?”

என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தவர். கடைசியில் பெற்றவளையே கேட்க வைத்துவிட்டார்கள்.

“எரியும். அவ்வளவுதான்மா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவர் போன பிறகுதான் போனைப் பார்த்தேன்: மெயிலைப் பார்க்கவும் என்று கொழும்புக் கம்பனி. நெட் கபே போனேன். பிழை ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. பக்கத்தில் அவன் முழுப்பெயர், எழுத்துப் பிழை இல்லாமல். மோசமான பிழை, நல்ல வேலை என்று கேர்னலை எழுதிய கிழவர் பாராட்டியிருக்கிறார். அதன் கீழே கம்பனி மெயில்: வரும் மாதம் முதல் கிழமை நேர்முகம், கொழும்பில், அடையாள அட்டையோடு வரவும்.

கிழவரின் பாராட்டை அச்சடித்து எடுத்தேன். பொலிசில் காட்டலாம் என்று. பிறகு யோசித்தேன். இன்னொரு வெளிநாட்டுக் கடிதம். கிழித்துப் போட்டேன்.

ஒக்டோபர் 28, செவ்வாய்

தீபாவளி நேற்று முடிந்தது. தோட்டத் தலைவர் போன் எடுப்பதில்லை. மனித உரிமை ஆபீஸ் ஒன்றில் பெயர் பதிந்தோம். செஞ்சிலுவையில் பதிந்தோம். எங்கள் பங்கு ஃபாதரின் கடிதம் இருக்கிறது, ‘எனக்குத் தெரிந்தவரையில்’ என்று தொடங்கும் கடிதம். பயந்த கடிதம். நு.வின் போன் வேலை செய்வதில்லை.

காலையில் நெட் கபேயில், கிழவரிடமிருந்து மெயில். திருத்தம் தயார். ஆனால் வழக்கப்படி, பிழையைக் கண்டவர் தன் போர்டில் திருத்தத்தை ஓட்டி, சரி என்று சொன்னால்தான் மூடுவார்கள். சந்திரகுமாருக்கு இரண்டு தரம் எழுதியும் பதில் இல்லையாம். எவ்வளவு நாள் தேவைப்படும் என்று என்னிடம் கேட்கிறார். சந்திரகுமாருக்காகப் பதிப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமாம்.

நடந்ததை எழுதத் தொடங்கினேன். முதல் வரியிலேயே கை நின்றது. இதை யார் யார் படிப்பார்கள்? படித்து, அவனிடம் என்ன கேட்பார்கள்? அழித்தேன். இன்னொன்று எழுதினேன், அதில் தன்னாலே ‘மன்னிக்கவும்’ வந்தது. அதையும் அழித்தேன். கடைசியில்: அவர் ஊரில் இல்லை.

ஐந்து நிமிஷத்தில் பதில். பரவாயில்லை, அவசரம் ஒன்றுமில்லை, திரும்பி வந்ததும் செய்யட்டும், நாங்கள் காத்திருக்கிறோம்.

மனுஷன் மெய்யாகவே காத்திருப்பார். அதுதான் தாங்க முடியவில்லை.

அம்மா கூப்பிடுகிறாள். வாசலில் ச.வின் அம்மா. இன்றைக்கு எந்த ஆபீஸ் என்று கேட்கிறார்.